பதின்மூன்றைத் தோண்டியவள்

தார்ஸ்பி,
மார்ச் 16, சனிக்கிழமை.

அன்புள்ள நார்மனுக்கு,

பெவர்லி எழுதுவது. இங்கே நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இதைப் படித்து முடிக்க உனக்குத் தெம்பு வேண்டும். ஜெனரேட்டர் கொட்டகையில் நாலு பேர் பார்க்க நின்றுகொண்டு பிரிக்காதே. அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பாய். தொலைபேசியில் என் குரல் பாக்லாந்துத் தீவுக்கு வந்து சேர இரண்டு விநாடி ஆகிறது. அந்த இரண்டு விநாடியையும் நீதான் பேசித் தீர்க்கிறாய். மின்னஞ்சல் அனுப்பினாலோ முதல் மூன்று வரியைப் படித்துவிட்டுப் பதில் தட்டிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது. ராணுவ விமானத்தில் அது வந்து சேர ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. பாய்லர் சரியாகிவிட்டது. உன் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், நர்ஸுகளை அதட்டவும் ஆரம்பித்துவிட்டாள். பிப்ரவரிக் காற்றில் கொட்டகைக் கூரையில் இரண்டு ஓடு போயிற்று. நானே ஏணி வைத்து மாற்றினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதக்கத்தைப் புதன்கிழமை மேகனிடம் ஒப்படைத்துவிட்டேன். மண்ணில் கிடைக்கும் பழம்பொருள்களை நம் மாவட்டத்துக்குப் பதிவு செய்கிற அந்தப் பெண்தான், நீ ‘காலேஜ் குட்டி’ என்று கிண்டல் பண்ணுவாயே, அவளிடம். படிவத்தில் ‘கண்டெடுத்தவர்’ என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. நீ தட்டச்சு செய்து அனுப்பிய வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன்.

நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதி வைக்கிறேன். உன் வாயில் அது இரண்டு வாரத்துக்குள் மூன்று விதமாக மாறிவிட்டது.

இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நூற்றெழுபது பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டவள் நான். கிறிஸ்துமஸோடு அதை மூடினார்கள். ஜனவரியில் நீ அந்தத் தீவு ராணுவ முகாமின் ஜெனரேட்டர்களைப் பார்க்க ஆறு மாத ஒப்பந்தத்தில் கிளம்பினாய். வீட்டில் கடிகாரச் சத்தம்தான் மிச்சம். மார்ச் மூன்றாம் தேதி, ஞாயிறு காலை, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியிலிருந்து உன் மெட்டல் டிடெக்டரை எடுத்தேன். பதினோரு வருஷமாக நீ என்னைத் தொட விடாத சாமான். அந்தப் பதினோரு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கிடைத்தது உன் சேற்றுப் பேன்ட் மட்டும்தான்.

ரூத் டாஸ்கரின் பண்ணை வாசலில் அவளே நாலு சக்கர பைக்கில் நின்றிருந்தாள். கேட்டுவிட்டுத்தான் போனேன். “நார்மன் ஊர்ல இல்ல ரூத், நான் கொஞ்சம் சுத்திப் பாக்கட்டுமா?” என்றேன். “போ கண்ணு, பீட்டுக் கெழங்கெல்லாம் பிடுங்கியாச்சு, சேறுதான் மிச்சம். தோண்டுற குழிய மூடிட்டுப் போ, என் மாடு கால ஒடிச்சுக்கப் போவுது” என்று சொல்லி, கேட்டையும் அவளே திறந்துவிட்டாள்.

நீ பதினோரு வருஷமாகக் கருவியோடு சலித்த அதே பத்து ஏக்கர் வயல். எனக்குக் கருவியை இயக்கத் தெரியாது. பொத்தானை அழுத்தினேன், அது எல்லாவற்றுக்கும் கத்தியது. எதை அடக்கி வைக்க வேண்டும், எதற்குக் காது கொடுக்க வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கத்திய இடத்தையெல்லாம் தோண்டினேன். குதிரை லாட ஆணி, துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை மூடி, பொம்மைக் காரின் சக்கரம், விக்டோரியா ராணி தலை தேய்ந்துபோன ஒரு பென்னி. பென்னி கிடைத்தபோது ஆளில்லாத வயலில் நான் சத்தமாகச் சிரித்தேன். ஒரு பித்தான் கிடைத்தது, அதற்கும் சிரித்தேன்.

கீழே என்ன உலோகம் என்று எண்ணால் காட்டும் கருவியின் திரையில் பதின்மூன்று வந்துகொண்டே இருந்தது. தோண்டினால் பீர் டப்பாவைத் திறக்க இழுப்போமே, அந்த வளையம். ரூத்தின் அப்பா காலத்திலிருந்து அறுவடைக்கு வந்த ஆட்கள் குடித்துத் தீர்த்ததெல்லாம் அந்த வயலில்தான் கிடக்கிறது. ஒன்பது வளையம் எடுத்தேன். பத்தாவது தடவையும் பதின்மூன்று வந்தது. அதையும் தோண்டினேன். முழங்கையும் இடுப்பும் விட்டுப்போயிருந்தன, ஆனாலும் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

ஒரு சாண் ஆழம்கூட இல்லை. கட்டை விரல் நகத்தளவு தங்கம், நடுவில் சிவப்புக் கல், மேலே கோர்த்துக்கொள்ள ஒரு சின்னக் காது. மிட்டாய்த் தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். உன் டிடெக்டர் சங்கத்து ஆண்களில் பாதிப் பேர் செய்வதுபோல எச்சில் தொட்டுத் துடைக்கவில்லை. மண்ணோடு கையுறைக்குள் போட்டு, இடத்தில் ஒரு குச்சி நட்டு, குழியை மூடிவிட்டு வந்தேன்.

முதலில் யாருக்குச் சொன்னேன் நார்மன்? ரூத்துக்குக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றாமல் உனக்குத்தான் கூப்பிட்டேன். நான் சிரிப்பும் அழுகையுமாகச் சொல்கிறேன், நீ “எந்த வயல்?” என்றாய். சொன்னேன். “எந்த எண்ணு காட்டுச்சு?” என்றாய். பதின்மூன்று என்றேன். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து நீ கூப்பிட்டாய். பாராட்டத்தான் கூப்பிடுகிறாய் என்று மடத்தனமாக ஓடி வந்து எடுத்தேன். நீ சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. “யார்கிட்டயும் மூச்சு விடாதே பெவ். வயல்ல தேட ரூத்தோட போட்ட ஒப்பந்தத்துல எழுத்துல இருக்கிறது என் பேரு மட்டும்தான். வாய்ப் பேச்சு செல்லாது. அனுமதி இல்லாம போயி தங்கம் எடுத்திருக்கே, அதுக்குப் பேரு திருட்டு. நான் பாத்துக்கறேன், நீ சும்மா இரு.”

நீ சங்கத்தின் தலைவர். சட்டம் தெரிந்தவர். நான் நம்பினேன். ஒரு வாரம், நார்மன், முழுசாக ஒரு வாரம் நான் திருடியைப்போல நடமாடினேன். கடையில் ரூத்தின் வண்டியைப் பார்த்ததும் ரொட்டி வாங்காமலே திரும்பி வந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் இதுவரை ஒருத்தர் பொருளுக்கும் ஆசைப்படாதவள், வாசலில் போலீஸ் வருமா என்று திரைச்சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எட்டாம் தேதி மின்னஞ்சலில் உன் வாக்குமூலம் வந்தது. தங்கம் என்று தெரிந்த பதினான்கு நாளுக்குள் அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டமாயிற்றே, அதனால் உனக்கு அவசரம். ஜனவரி பதினான்காம் தேதி நீ அதை மண்கட்டியோடு எடுத்தாயாம். வெறும் தகரத் தாள் என்று நினைத்துக் குப்பைச் சாமான் பெட்டியில் போட்டாயாம். மார்ச் மாதம் ‘வீட்டைச் சுத்தம் செய்யும்போது என் மனைவி அந்தப் பெட்டியைத் துடைத்ததில்’ அது தங்கம் என்று தெரியவந்ததாம். கீழே எனக்குக் கையெழுத்துப் போடப் புள்ளிக் கோடு.

துடைத்ததில்! எத்தனை கச்சிதமாக யோசித்திருக்கிறாய். சட்டத்திலும் மாட்டாமல், சங்கத்திலும் தலை நிமிர்ந்து, கண்டெடுத்தவனும் நீயாகி, எனக்குத் துடைக்கிற துணி ஒன்றையும் கொடுத்துவிட்டாய். முப்பத்துமூன்று வருஷம் துடைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாயிறு நான் துடைக்கவில்லை. தோண்டினேன். என் வாழ்க்கையில் எனக்கே எனக்கென்று நடந்த ஒரு காலை நேரம் அது, அதற்கும் வாய் கூசாமல் கை நீட்டினாய்.

நாலு நாள் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒருமுறை பேனாவைக்கூட எடுத்தேன். பயம் அப்படி. பிறகு செவ்வாய்க்கிழமை, வருவது வரட்டும் என்று ரூத்தின் சமையலறைக்குப் போய், பதக்கத்தை மேஜை மேல் வைத்து, “ரூத், நான் உன் நிலத்துல திருடிட்டேன்” என்றேன்.

அவள் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “உனக்குப் பைத்தியமா கண்ணு? கேட்டுக்கிட்டுதானே போனே? கேட்டைத் தொறந்துவிட்டவ நான். என் நிலத்துக்குள்ள யாரு வரலாம் யாரு வரக்கூடாதுன்னு நான் வாயத் தொறந்து சொன்னா செல்லாதா? எவன் சொன்னான் அப்படி?” என்றாள். சொன்னேன். அப்புறம் அவள் உன்னைப் பற்றிச் சொன்னதில் எழுதக்கூடியது மிகக் கொஞ்சம். “ஊருக்கு வந்ததும் அந்த ஆள் இந்தச் சமையலறைக்கு வந்து, இதே நாற்காலியில ஒக்காந்து, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் அவன் பூட்ஸு என் வயல்ல படக்கூடாது” என்றாள். எழுத்தில் வேண்டுமென்றால் அதையும் எழுதித் தருவாளாம். எனக்கு ப்ளம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்து, அது தீரும்வரை எழுந்திருக்க விடவில்லை.

மறுநாள் மேகனிடம் போனேன். அவள் அதை லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேலே இருக்குமாம், யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் கிடந்ததாம். குச்சி நட்ட இடத்துக்கு என்னோடு வந்து அளந்து குறித்துக்கொண்டாள். அப்போது நானாகக் கேட்டேன், பதினோரு வருஷம் தேடிய வயலில் இது எப்படித் தப்பியது என்று. அவள் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. “நெறயப் பேர் டப்பா வளையம் தொல்லைன்னு அந்த எண்ணுக்குக் கருவி கத்தாதபடி வாயடைச்சு வெச்சுடுவாங்க மேடம். சின்னத் தங்கத்துக்கும் அதே எண்தான் காட்டும். அனுபவம் இருக்கிறவங்கதான் அதிகமா இதுல ஏமாறுவாங்க” என்றாள்.

நீ ஏன் தொலைபேசியில் அப்படி ஊமையாகிப்போனாய் என்று எனக்கு அந்த வயலில் வைத்துத்தான் புரிந்தது. எத்தனை முறை அதன் தலைக்கு மேல் நடந்திருப்பாய். கருவி சொல்ல வந்திருக்கும், நீதான் அதன் வாயை மூடி வைத்திருந்தாய். கோபத்தின் நடுவிலும் எனக்கு உன்மேல் இரக்கம் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் வரைதான் அது நீடித்தது.

வியாழக்கிழமை சங்கக் கூட்டம். என் பித்தானையும் பென்னியையும் மேஜையில் வைக்கலாம் என்று போனேன், பதக்கத்தைப் பற்றி வாய் திறக்கும் எண்ணமே எனக்கு இல்லை. பார்த்தால் செயலாளர் காலின் எழுந்து, சங்கத்தின் மாத இதழை விரித்து, ‘நம் தலைவரின் பதினோரு வருஷப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு’ என்று படிக்க ஆரம்பிக்கிறான். நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே நீ அவனுக்குத் தொலைபேசியில் கதையைச் சொல்லி அச்சிலும் ஏற்றிவிட்டாய்! கருவி இனிமையாகக் குரல் கொடுத்ததாம், உன் உள்ளுணர்வு தோண்டு என்றதாம். உன் பொறுமைசாலி மனைவி பெட்டியைத் துடைத்தாளாம். முப்பது பேர் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள், நன்றாகத் துடைத்ததற்காக.

நான் எழுந்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “காலின், அது பதின்மூணுல கெடச்சுது. நார்மன் பதின்மூணத் தோண்டுவாரா?”

காலின் காகிதத்தைக் கீழே வைத்தான். “பதின்மூணா? போன வருஷம் இதே எடத்துல நின்னுதானே முக்கால் மணி நேரம் பேசினாரு, பதின்மூணத் தோண்டுறவன் குப்பை வண்டிக்காரன்னு. நாங்கல்லாம் வீட்டுக்குப் போயி அத அடைச்சு வெச்சோமே” என்றான். பின் வரிசையில் யாரோ ஒருத்தர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். மூன்று வருஷமாக உன்னை ‘சார்’ என்று கூப்பிட்டவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

உன்னைப் பார்த்து அவர்களைச் சிரிக்க வைத்தவள் நான். அதற்காக நான் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதே. வண்டியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். அந்த அழுகையும் உன்மேல் கோபமாகத்தான் திரும்பியது, என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது நீதானே.

இன்னொரு எரிச்சல். வெளியே வரும்போது ஒரு மனிதர் என் தோளைத் தட்டி, “முதல் நாளே கெடச்சிருச்சே, புதுசா வர்றவங்களுக்கு எப்பவும் அதிர்ஷ்டம்தான்” என்கிறார். பத்து பேராவது இதையே சொல்லிவிட்டார்கள். அதிர்ஷ்டமாம்! முப்பத்தெட்டுக் குழி தோண்டினேன். முப்பத்தெட்டையும் மண் போட்டு மிதித்து மூடினேன். அவர்கள் காதை அடைத்துக்கொண்டு நடந்த இடத்தில் நான் குனிந்தேன், அவ்வளவுதான். இதை அதிர்ஷ்டம் என்று சொன்னால்தான் அவர்களுக்கு ராத்திரி தூக்கம் வரும்போல. நீயாவது அந்தச் சொல்லை என்னிடம் சொல்லிவிடாதே.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஏப்ரல் மாத இதழில் திருத்தம் வர வேண்டும். என்னையே எழுதித் தரச் சொல்லிக் காலின் கேட்டான், மாட்டேன் என்றுவிட்டேன். நீ எழுத வேண்டும், உன் கையால், உன் பெயர் போட்டு. ‘தவறுதலாக’, ‘தகவல் பிழை’ என்றெல்லாம் மழுப்பாமல் எழுது. காலின் நல்லவன், ஏப்ரல் ஐந்தாம் தேதி வரை பக்கத்தைக் காலியாக வைத்திருக்கிறேன் என்றான். ரூத்தின் சமையலறைக்கு நீ தனியாகத்தான் போக வேண்டும், நான் கூட வரமாட்டேன்.

பதினோரு வருஷம் நீ எப்படி நடந்தாய் என்று எனக்குத் தெரியாதா? மழையில் விறைத்துப்போன விரல்களை நான்தானே வெந்நீரில் வைத்துத் தேய்த்துவிட்டேன். வெறுங்கையோடு வந்து, “அடுத்த வாரம் பாரு பெவ்” என்று சொல்லும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்குத் தொலைபேசியில் “எனக்கு வலிக்குது பெவ்” என்று சொல்லியிருந்தால் போதும். தங்கத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உன்னோடு சேர்ந்து அழுதிருப்பேன். ஒருவேளை நானே உன் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. என்னைத் திருடி என்று பயமுறுத்தி வாங்கப் பார்த்தாய். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இன்று காலை மேகன் கூப்பிட்டாள். ஊரில் சந்தேகச் சாவுகளை விசாரிக்கிற அதிகாரிதான் புதையலையும் விசாரித்துத் தீர்ப்பெழுதுவாராம். ஜூலை பதினெட்டு, வியாழக்கிழமை. நீ அதற்குள் ஊருக்கு வந்திருப்பாய். கண்டெடுத்தவர் போய் முன்வரிசையில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்காரலாம், பெயர் கொடுங்கள் என்றாள். ரூத்துக்கு நிலத்துக்காரர் என்று தனி இடம் இருக்கிறது. இரண்டு பேர் வருவோம் என்று சொல்லிவிட்டேன். யார் என்று கேட்டாள். பெயரைப் பிறகு சொல்கிறேன் என்றேன்.

அங்கே குளிர் ஏற ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொள், காற்றில் நிற்காதே. மாத்திரையை வேளைக்கு எடுத்துக்கொள். நீ பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், கோபம் வந்த நாள்களிலும் அதை விட்டதில்லை. மேகனுக்கு என்ன பெயர் கொடுக்கட்டும் என்று எழுது. உன்னால் விசாரணையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் பேசி முடிக்கும்வரை பேசாமல் இருக்க முடியுமென்றால், உன் பெயரையே எழுது.

இப்படிக்கு,
பதக்கத்தைக் கண்டெடுத்தவளும்,
இன்னும் உன் மனைவியுமான,
பெவர்லி